பிளஸ் மேஸில் டயசெபாமின் விளைவு தெரியவில்லை: பிழை எங்கே?

ஆய்வு மாணவி, தண்டையார்பேட்டை:
அனைவருக்கும் வணக்கம். துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரிகள் போகும் சாலையை ஒட்டியிருக்கிறது எங்கள் விலங்குக் கூடம். சுண்டெலிகளின் பதற்றம் போன்ற நடத்தையை எலிவேட்டட் பிளஸ் மேஸில் 5 நிமிடம் விட்டு அளக்கிறேன். இது தரையிலிருந்து உயர்த்திய, கூட்டல் குறி வடிவ மேடை; இரண்டு கரங்களுக்குச் சுவர் உண்டு (மூடிய கரங்கள்), இரண்டுக்கு இல்லை (திறந்த கரங்கள்). பதற்றம் குறைந்த விலங்கு திறந்த கரங்களில் அதிக நேரம் இருக்கும். சென்ற வாரம் மருந்தில்லாமல் விட்டுப் பார்த்த அதே சுண்டெலிகளுக்கு இந்த வாரம் பதற்றம் தணிக்கும் மருந்தான டயசெபாம் கொடுத்தும், அவை திறந்த கரங்களில் இருந்த நேரம் கூடவில்லை. பின்கால்களை மூடிய கரத்திலேயே ஊன்றி, உடலை நீட்டி, வெளியே ஒரு முறை மோப்பம் பிடித்துவிட்டு உள்ளே போய்விடுகின்றன. லாரிச் சத்தம் காரணமா, மருந்தின் அளவு போதவில்லையா?

மருந்தியல் ஆசிரியர், ராயபுரம்:
உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது: 'அதே சுண்டெலிகள்'. ஒரு முறை மேஸில் நடந்துவிட்ட விலங்கிடம் டயசெபாம் போன்ற மருந்துகளின் பதற்றத் தணிப்பு இரண்டாம் முறை பெரும்பாலும் வெளிப்படுவதில்லை என்பது பல ஆய்வுகளில் கண்ட உண்மை. தயவுசெய்து அளவைக் கூட்டாதீர்கள். கூட்டினால் விலங்கு தூங்கி வழிந்து, மூடிய கரங்களில் நுழையும் எண்ணிக்கையும் விழுந்துவிடும், பிறகு பதற்றம் குறையவில்லையா, நடமாட்டமே குறைந்துவிட்டதா என்று உங்களால் பிரித்துச் சொல்ல முடியாது. மேஸையே பார்த்திராத சுண்டெலிகளை இரு குழுக்களாக்கி, ஒன்றுக்கு மட்டும் டயசெபாம் கொடுத்து, ஒரே நாளில் இரு குழுக்களிலிருந்தும் மாற்றி மாற்றி விடுங்கள். லாரிச் சத்தமும் இரு குழுக்களுக்கும் ஏறக்குறையச் சமமாகப் பங்கிடப்படும்.

விலங்குக் கூடப் பராமரிப்பாளர், வியாசர்பாடி:
ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், அம்மா. கூண்டிலிருந்து வாலைப் பிடித்துத் தூக்குகிறீர்களா? அப்படித் தூக்கப்பட்ட சுண்டெலிகளைவிட, குழாய்க்குள் நுழையவிட்டோ குவித்த உள்ளங்கையிலோ எடுக்கப்பட்டவை திறந்த கரங்களுக்கு அதிகம் வருகின்றன என்று 2010-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இதை நான் கூண்டருகே நாள்தோறும் பார்க்கிறேன். குழாய்க்குப் பழகிய சுண்டெலி கையைக் கண்டு மூலைக்கு ஓடாது. 1999-இல் போர்ட்லேண்ட், ஆல்பனி, எட்மன்டன் ஆகிய மூன்று ஊர்களின் ஆய்வகங்கள் ஒரே இனச் சுண்டெலிகளை, முடிந்தவரை ஒரே முறையில் சோதித்தும் முடிவுகள் வேறுபட்டன. ஆகவே யார் எடுத்தார், எப்படி எடுத்தார், எந்த நேரத்தில் விட்டார் என்பதையெல்லாம் பதிவேட்டில் எழுதுங்கள்.

ஆய்வு மாணவி, தண்டையார்பேட்டை:
இருவருக்கும் மிக்க நன்றி. வாலைப் பிடித்துத்தான் தூக்கினேன். அவை பதறியதில் என் கைக்கும் பங்கிருக்கலாம் என்று நினைக்கும்போது வருத்தமாக இருக்கிறது. புதிய சுண்டெலிகளுக்கு நெறிமுறைக் குழுவிடம் திங்களன்று விண்ணப்பிக்கிறேன். ஒப்புதல் வரும்வரை, இருக்கும் சுண்டெலிகளைக் குழாயால் எடுக்கப் பழகிக்கொள்கிறேன்.