புதிய பம்ப் போட்டும் மேல்மாடி ரேடியேட்டர்கள் சூடாகவில்லை, அவசர உதவி தேவை

பனித்துளி:
வணக்கம். வீட்டில் ஹீட்டிங் (பாய்லரில் காய்ச்சிய தண்ணீரைப் பம்ப் மூலம் சுவரோர ரேடியேட்டர்களுக்கு ஓட்டி அறைகளைச் சூடாக்கும் ஏற்பாடு) ஒழுங்காக ஓடவில்லை. மேல்மாடி ரேடியேட்டர்கள் எல்லாம் குளிர்ந்து கிடக்கின்றன. கீழே வெதுவெதுப்பு மட்டும் இருக்கிறது. பாய்லர் எரிகிறது, கொஞ்ச நேரத்தில் அணைகிறது, மறுபடி எரிகிறது. வந்து பார்த்தவர் பம்ப் போய்விட்டது என்று சொல்லிப் புதிது மாட்டிவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு போனார். ஒரு மாற்றமும் இல்லை. கைக்குழந்தை இருக்கிறது. யாராவது உடனே வழி சொல்லுங்கள்.

ஈஸ்ட்ஹாம் அண்ணன்:
தம்பி, தொட்டி இல்லாமல் ஹீட்டிங்கையும் சுடுதண்ணீரையும் ஒரே பெட்டியில் தரும் காம்பி பாய்லரா, பரணில் தொட்டி வைத்த பழைய வகையா? அதைச் சொல்லாமல் எப்படி வழி சொல்வது? குழாயில் சுடுதண்ணீர் வருகிறதா?

மார்கழி:
காற்று அடைத்திருக்கிறது, வேறொன்றுமில்லை. ஹீட்டிங்கை அணைத்துவிட்டு ரேடியேட்டரின் மேல் மூலையில் இருக்கும் சிறிய திருகைச் சாவியால் அரைச் சுற்று திறந்து விடுங்கள். உஸ்ஸென்று காற்று போய்த் தண்ணீர் எட்டிப் பார்த்ததும் மூடிவிடுங்கள். எங்கள் வீட்டில் ஒவ்வோர் அக்டோபரிலும் இதைத்தான் செய்கிறோம்.

ரெண்டாம் தளம்:
எனக்கு என்னவோ சமன்செய்தல், அதாவது எல்லா ரேடியேட்டருக்கும் தண்ணீரைச் சரியாகப் பகிர்வதில் பிரச்சினை என்றுதான் படுகிறது. ஒவ்வொரு ரேடியேட்டரிலும் மூடி போட்ட இன்னொரு வால்வு இருக்கும், லாக்‌ஷீல்டு என்பார்கள். கீழ்மாடியில் அதைக் கொஞ்சம் இறுக்கினால் தண்ணீர் மேலே போயே தீரும். பம்பை மாற்றியவர் வேகத்தையும் குறைவாக வைத்திருப்பார், மூன்றில் வையுங்கள்.

ஸ்பானர்:
ஒவ்வொரு குளிர்காலத்திலும் இதே கேள்வி, இதே அரைகுறை விவரம். ரேடியேட்டர் மேல்பாதி குளிர்ந்தால் காற்று. அடிநடு குளிர்ந்தால் சேறு. ஒன்று மட்டும் முழுக்கக் குளிர்ந்தால் அதன் வால்வு ஊசி சிக்கியிருக்கும். ஒரு மாடி முழுவதும் குளிர்ந்தால் நீரோட்டமே இல்லை. கையால் தொட்டுப் பார்த்து எழுதுவதற்கு இரண்டு நிமிடம் போதும். லாக்‌ஷீல்டைத் திருகச் சொல்பவர்கள் தயவுசெய்து சற்றுப் பொறுங்கள். ஓடாத தண்ணீரை எப்படிச் சமன்செய்வீர்கள்?

பனித்துளி:
மன்னியுங்கள், அவசரத்தில் எழுதினேன். லண்டனுக்குப் பக்கம், 1970களில் கட்டிய வீடு. காம்பி இல்லை. பரணில் பெரிய தொட்டி ஒன்று, சிறியது ஒன்று. சுடுதண்ணீர் வருகிறது, ஆனால் முன்பு போல் இல்லை. மார்கழி சொன்னதை ஏற்கெனவே செய்தேன். மேல்மாடியில் காற்று சீறுகிறது, பிறகு நின்றுவிடுகிறது. தண்ணீர் வரவே இல்லை. பம்புக்குள் கூழாங்கல் உருள்வது போல ஒரு சத்தம்.

நீலவானம்:
தண்ணீர் வரவில்லை என்பதை முதலிலேயே சொல்லியிருந்தால் இந்த இழையில் பாதிப் பேச்சு மிச்சமாகியிருக்கும், தம்பி. உங்கள் பம்பில் குறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அந்தச் சிறிய தொட்டிதான் ரேடியேட்டர் சுற்றுக்குத் தண்ணீர் ஊட்டுகிறது. அதிலிருந்து 15 மி.மீ. குழாய் ஒன்று இறங்கி, பெரும்பாலும் பம்புக்குச் சற்று முன்னால், 22 மி.மீ. குழாயில் சேரும். ரேடியேட்டர்கள் எஃகு. உள்ளே அரித்துக் கறுப்பு இரும்பு ஆக்சைடாகத் தண்ணீரோடு சுற்றி வரும். பல வருடங்களில் அது அந்தச் சேருமிடத்தில் படிந்து கட்டியாகிவிடும். பிறகு எங்கே எவ்வளவு தண்ணீர் குறைந்தாலும் தொட்டியிலிருந்து ஈடாகாது. உயரத்தில் இருக்கும் மேல்மாடிதான் முதலில் வற்றும். பம்ப் காற்றையும் தண்ணீரையும் சேர்த்துக் கடையும். பாய்லரிலிருந்து சூட்டை எடுத்துப்போக ஓட்டம் இல்லாததால் அது சீக்கிரமே அணைந்துவிடும்.

இரண்டு சோதனை செய்யுங்கள். ஹீட்டிங்கை அணைத்து எல்லாம் ஆறட்டும். சிறிய தொட்டியின் மிதவையை மேலே தூக்கிக் கட்டிவிட்டு, கீழே வடிகால் திருகு வழியாக ஒரு வாளித் தண்ணீர் எடுங்கள். தொட்டியில் நீர்மட்டம் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் வழி அடைத்திருக்கிறது. அடுத்து, வலுவான காந்தம் ஒன்றை எடுத்துக்கொண்டு சுடுதண்ணீர் சிலிண்டர் இருக்கும் அலமாரிக்குப் போய், அந்தக் குழாய்கள் சேருமிடத்தில் வைத்துப் பாருங்கள். செம்பில் காந்தம் ஒட்டாது. ஒட்டினால் உள்ளே இருப்பது இரும்புச் சேறு.

ரெண்டாம் தளம்:
அப்படியென்றால் பவர் ஃபிளஷ் (இயந்திரத்தால் தண்ணீரை வேகமாகப் பாய்ச்சிக் கழுவுவது) செய்தால் எல்லாம் கரைந்து போய்விடுமே?

ஸ்பானர்:
போகாது. கட்டியான அடைப்பு கழுவுவதால் அசையாது. அந்தத் துண்டை வெட்டி எடுத்துப் புதுக்குழாய் வைக்க வேண்டும். கழுவுவது அதற்குப் பிறகு. நீலவானம் சொன்ன காந்தச் சோதனை சரியான சோதனை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: பாய்லரின் உறையை யாரும் திறக்காதீர்கள். அது கேஸ் சேஃப் (பிரிட்டனில் கேஸ் வேலை செய்பவர்களுக்கான பதிவேடு) பதிவு உள்ளவர்களின் வேலை.

மார்கழி:
அதுவரை குழந்தை இருக்கும் அறையில் மின்சார ஹீட்டர் வையுங்கள். சரியானதும் ஹீட்டிங்கை நாள் முழுக்கக் குறைந்த சூட்டில் ஓடவிடுங்கள். அணைத்து அணைத்துப் போட்டால்தான் கேஸ் அதிகம் ஆகும்.

ரெண்டாம் தளம்:
இது தவறு. உள்ளே சூடு கூடக் கூட, வெளியே போகும் வெப்பமும் கூடும். யாரும் இல்லாத வீட்டைப் பகலெல்லாம் சூடாக வைத்திருந்தால் அந்த வெப்பத்துக்கும் சேர்த்துத்தான் கட்டணம். நேரம் குறித்து ஓட்டுவதே சிக்கனம்.

மார்கழி:
உங்கள் வீட்டில் சுவர் வியர்க்கவில்லை போலிருக்கிறது. எங்கள் வீட்டில் சோறு வடித்த ஆவி, ரேடியேட்டர் மேல் காயப்போட்ட துணி எல்லாம் சேர்ந்து வடக்குச் சுவரில் பூஞ்சை பிடித்தது. விடாமல் ஓட்ட ஆரம்பித்த பிறகுதான் நின்றது. மிச்சம் பிடிக்கிற பணத்தை மருத்துவச் செலவில் விட முடியாது.

ஈஸ்ட்ஹாம் அண்ணன்:
பூஞ்சைக்கு முதலில் சமையலறை விசிறியைப் போடுங்கள், துணியை வேறு இடத்தில் காயவையுங்கள். ஆனால் சிறு குழந்தை இருக்கும் வீட்டில் சிக்கனத்துக்காகக் குளிரவிடுவது எனக்கும் உடன்பாடில்லை. உலக சுகாதார அமைப்பு 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி என்று இருக்கிறது.

ஸ்பானர்:
இருவரும் வெவ்வேறு வீடுகளைப் பற்றிப் பேசுகிறீர்கள். கண்டென்சிங் பாய்லரில் (புகையிலுள்ள நீராவியின் வெப்பத்தையும் மீட்கும் வகை) திரும்பிவரும் தண்ணீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் முழுப் பயன் கிடைக்கும். அங்கே குறைந்த சூட்டில் நீண்ட நேரம் ஓட்டுவதற்கு ஒரு பொருள் உண்டு. பழைய பாய்லருக்கு இந்தக் கணக்கே கிடையாது. கேள்வி கேட்டவர் எங்கே?

நீலவானம்:
பனித்துளி, சோதித்தீர்களா? காந்தம் ஒட்டியதா?

பனித்துளி:
தாமதத்துக்கு மன்னிக்கவும். தொட்டி மட்டம் அசையவில்லை. பம்புக்கு மேலே ஒரு விரல்கடை நீளத்துக்குக் காந்தம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது, மற்ற இடங்களில் நழுவியது. வேறொரு பிளம்பரை அழைத்து அந்தத் துண்டை வெட்டச் சொன்னோம். உள்ளே கறுப்புப் பசை, பென்சில்கூட நுழையாது. மாற்றியதும் மேல்மாடி சூடாகிவிட்டது. நீலவானம் அக்காவுக்கு மிக்க நன்றி. குழந்தை தூங்குகிறது, பிறகு எழுதுகிறேன்.

நீலவானம்:
மிக்க மகிழ்ச்சி. துருத்தடுப்புத் திரவம் ஊற்றினாரா என்று கேளுங்கள். திரும்பும் குழாயில் காந்த வடிகட்டி ஒன்றும் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் மிச்சச் சேறு மறுபடியும் அங்கேயே வந்து சேரும்.

கடலோரம்:
எங்கள் வீட்டிலும் மேல்மாடி குளிர்கிறது. நாங்களும் குழாயை வெட்ட வேண்டுமா?

ஸ்பானர்:
காம்பியா, தொட்டியா?

கடலோரம்:
காம்பி.

ஸ்பானர்:
காம்பிக்குப் பரணில் தொட்டியே கிடையாது, எதையும் வெட்டாதீர்கள். அழுத்தமானியின் முள் எங்கே நிற்கிறது? ஆறிய நிலையில் 1 முதல் 1.5 பார் அழுத்தம் இருக்க வேண்டும். பார்த்துவிட்டுத் தனி இழையாக எழுதுங்கள்.