பாக்கி வசூலுக்குத் திவால் மனு: உரிமையா, மிரட்டலா?

அட்டைப்பெட்டி:
நான் சப்ளை பண்ணின சரக்குக்கு 14 மாசமா 1 கோடியே 14 லட்சம் பாக்கி நிக்குது. வாங்கின கம்பெனி நல்லாத்தான் ஓடுது, புதுசா கோடவுன்கூட கட்டுறாங்க. கேட்டா "அடுத்த வாரம்". வக்கீல் சொன்னாருன்னு 2016 திவால் சட்டம் பிரிவு 8-ல டிமாண்ட் நோட்டீஸ் விட்டேன். பதில் சொல்ல 10 நாள் அவகாசம். 9-ஆம் நாள் பதில் வருது: "சரக்கு தரமில்லை." பிரிவு 9-ல திவால் மனு போட என்சிஎல்டி (தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயம்) போயிடலாமா?

கணக்கன்:
நீங்களே சொல்றீங்க, கம்பெனி நல்லா ஓடுதுன்னு. அப்புறம் எதுக்குங்க திவால்? நான் வாங்குற பக்கம் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறவன். மனு அட்மிட் ஆனா நிர்வாகம் இயக்குநர் குழு கையை விட்டுப் போயிடும், கம்பெனி மேல இருக்கிற எல்லா வழக்குக்கும் மாரடோரியம், அதாவது தற்காலிகத் தடை. ஒரு சப்ளையர் பாக்கிக்காக 300 பேர் சம்பளம் ஊசலாடணுமா? ஸ்விஸ் ரிப்பன்ஸ் தீர்ப்பிலேயே (2019) உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு, இது வெறும் வசூல் சட்டம் இல்லைன்னு.

தறிக்காரர்:
கணக்கன் சார், அந்த 300 பேர் மேல அக்கறை இருந்தா பில்லைக் கட்டியிருக்கலாமே? பிரிவு 9 கேட்கிறது "கட்டத் தவறினாயா"ன்னுதான், "கட்ட வக்கில்லையா"ன்னு இல்லை. போதாததுக்கு 2020 மார்ச்ல மனு போடத் தேவையான குறைந்தபட்ச பாக்கி வரம்பை 1 லட்சத்துல இருந்து 1 கோடிக்கு ஏத்திட்டாங்க. எங்களை மாதிரி சின்ன ஆளுக்கு அன்னிக்கே கதவைச் சாத்தியாச்சு. உள்ளே நுழைய முடிஞ்ச இவரையும் தடுக்காதீங்க.

கறுப்புக்கோட்டு:
இருவரும் முக்கியமான கேள்வியை விட்டுவிட்டீர்கள். மொபிலாக்ஸ் வழக்கில் (2017) உச்ச நீதிமன்றம் வைத்த அளவுகோல் இதுதான்: நோட்டீஸ் கிடைப்பதற்கு முன்பே தகராறு இருந்ததா? இருந்தால், மேற்கொண்டு விசாரிக்க வேண்டிய அளவுக்கு அதில் ஏதாவது இருக்கிறதா, இல்லை வெறும் சாக்கா? எதிர்தரப்பு வாதம் கடைசியில் ஜெயிக்குமா என்பதைத் தீர்ப்பாயம் எடைபோடாது. நோட்டீஸுக்குப் பிறகு முளைத்த "தரமில்லை" நிற்காது. அட்டைப்பெட்டி சார், அதற்கு முன் அவர்கள் எழுத்தில் ஏதாவது அனுப்பினார்களா?

அட்டைப்பெட்டி:
ஒரு மெயில் இருக்கு சார். போன மழைக்காலத்துல. ரெண்டு லோடு நனைஞ்சு வந்துச்சுன்னு.

கணக்கன்:
இதை முதல்லயே சொல்ல வேண்டாமா!

கறுப்புக்கோட்டு:
அந்த இரண்டு லோடு எவ்வளவு?

அட்டைப்பெட்டி:
18 லட்சம்.

கறுப்புக்கோட்டு:
கழித்தால் 96. தகராறு இல்லாத பாக்கி ஒரு கோடிக்குக் கீழே இறங்குகிறது. எதிர்தரப்பு வக்கீல் முதல் நாளே இந்தக் கணக்கைப் போடுவார்.

தறிக்காரர்:
அப்போ ஒவ்வொரு லோடுக்கும் ஒரு புகார் மெயில் தட்டி வெச்சுட்டா போதும், ஆயுசுக்கும் கட்ட வேண்டாம். அருமையான சட்டம்.

கணக்கன்:
அப்படிச் செய்யுற கம்பெனிகள் இருக்கு, மறுக்கல. ஆனா இன்னொரு பக்கமும் பாருங்க. நிஜமாவே பழுதான சரக்கை வாங்கினவன் 10 நாளுக்குள்ள பதறிப்போய், பேங்க்ல பேர் கெடுமேன்னு பணத்தைக் கட்டுறான். அதைத் திவால் நடைமுறைன்னு சொல்ல எனக்கு வாய் வரல. கெட்ட எண்ணத்துல மனு போட்டா பிரிவு 65-ல 1 லட்சம் முதல் 1 கோடி வரை அபராதம் இருக்கு, அதையும் மறக்காதீங்க.

கறுப்புக்கோட்டு:
இன்னொன்றும் உண்டு. மனு அட்மிட் ஆகி, கம்பெனி கலைப்பு வரை போனால், சப்ளையர் வரிசையில் வெகு பின்னால் நிற்பார். வங்கிகள், தொழிலாளர்கள் எல்லாம் முன்னால். ஆக, இந்த மனு பயமுறுத்தும் வரைதான் உங்களுக்கு லாபம். பயம் பலிக்காவிட்டால் நஷ்டம் உங்களுக்கும்தான். சரக்கு அனுப்பும் முன்பே உத்யம் பதிவு (சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவு) இருந்ததா?

அட்டைப்பெட்டி:
இருந்துச்சு சார், சிறுதொழில்னு.

கறுப்புக்கோட்டு:
அப்படியானால் 2006 எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டம் கையில் இருக்கிறது. 45 நாளுக்கு மேல் இழுத்தால், ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. பாக்கிப் புகார்களுக்காக அந்தச் சட்டம் அமைத்த வசதியாக்கல் கவுன்சில் தரத் தகராறையும் சேர்த்தே விசாரிக்கும். உங்கள் பக்கம் தீர்ப்பு வந்தால், அதை எதிர்க்க அவர்கள் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் வர வேண்டும்.

தறிக்காரர்:
வரும் சார், எப்போ வரும்? கவுன்சில்ல நான் உக்காந்த பெஞ்சுல என் பேரை வெட்டி வெச்சிருக்கலாம், அவ்வளவு நாள்.

அட்டைப்பெட்டி:
ஒரு விஷயம் விட்டுட்டேன். நனைஞ்ச ரெண்டு லோடுக்கும் பதிலா அதே மாசம் வேற சரக்கு அனுப்பினேன், இலவசமா. டெலிவரி சலான் இருக்கு.

தறிக்காரர்:
அப்புறம் என்ன! தகராறு அங்கேயே முடிஞ்சுதே. போடுங்க மனுவை.

கணக்கன்:
மாத்தின சரக்கை ஏத்துக்கிட்டோம்னு பதில் மெயில் வந்துச்சா? சலான்ல யார் கையெழுத்து?

அட்டைப்பெட்டி:
மெயில் எதுவும் வரல. சலான்ல கம்பெனி சீல் இருக்கு. கையெழுத்து கேட் செக்யூரிட்டியோடது.