றாக்கைத் தொட்டால் சுள்ளென்கிறதா?

கல்லடியிலிருந்து:

"றாக்குக்குக் கிட்டப் போனால் செருப்பைக் கழட்டாதீங்க தம்பி" என்று ஓர் அலுவலகத்தில் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். றாக் என்பது நெட்வேர்க் சுவிட்ச், ரவுட்டர் போன்ற பெட்டிகளை அடுக்கும் இரும்புச் சட்டம். இந்தப் பக்கம் பலபேர் இதைப் பகிடியாகத்தான் எடுக்கிறார்கள். வெளியே குழாயடி ஈரமண்ணில் ஒரு ஸ்குரூடிரைவரைக் குத்தி, அதிலிருந்து நீள வயர் இழுத்து, றாக்கின் உடம்போடு மீட்டரை வைத்துப் பார்த்தேன். 110 வோல்ட்டுக்கு மேலே காட்டியது.

சுவிட்ச், ரவுட்டர் எதுவானாலும் அதன் பவர் சப்ளையில் இரைச்சலை வடிகட்டச் சின்னக் கப்பாசிட்டர்கள் இருக்கும். மின்சாரம் வரும் லைனிலிருந்து பெட்டிக்கு ஒன்று, நியூட்ரலிலிருந்து பெட்டிக்கு ஒன்று. எர்த் இருந்தால் அவற்றின் வழியே வரும் கசிவு மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் பெட்டி 230 வோல்ட்டில் பாதியில் மிதக்கும். அந்தச் சுள்ளென்பது பொதுவாக ஆளைக் கொல்லாது, ஆனால் எர்த் இல்லை என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். அதே றாக்கில் ஒரு வயர் உரசி லைன் பெட்டியில் பட்டால், தொடுகிற ஆள்தான் எர்த்.

பிளக்கில் மூன்று பின், சொக்கெட்டில் மூன்று ஓட்டை, பார்வைக்கு எல்லாம் சரி. பச்சை வயர் போன வழியே போனால் சுவரோரம் எர்த் ரொட், அதாவது மண்ணில் இறக்கிய உலோகக் கம்பி. மெயினை நிறுத்திவிட்டுக் கிளாம்பை அசைத்தோம். உப்புக் காற்றில் பச்சை பூத்துக் கிடந்தது, தூளாக உதிர்ந்து வயர் கையோடு வந்துவிட்டது. ரொட்டும் நாலடிதான். கடலுக்கும் வாவிக்கும் நடுவே இங்கே முழுக்க மணல். மாரியில் எர்த் நல்ல அளவு காட்டும், கச்சான் காற்று வீசி மேல்மணல் காய்ந்ததும் கைவிட்டுவிடும். ஈரமணல் வரைக்கும் ரொட்டை இறக்க வேண்டும். அளக்கிறதானால் ஆடி, ஆவணியில் அளக்கச் சொல்லுங்கள்.

அந்த வேலையை லைசன்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் செய்தார். றாக் என் பொறுப்பு. பெயின்டின் மேல் லக்கை (வயர் நுனி வளையத்தை) வைத்து முறுக்கினால் அது இணைப்பே இல்லை. வெறும் உலோகம் தெரியும்வரை சுரண்டி, பல்லுள்ள வொஷர் போட்டு இறுக்க வேண்டும். ஒவ்வொரு சாதனத்தின் எர்த் திருகிலிருந்தும் றாக்கின் செப்புப் பட்டைக்குத் தனித்தனியாகப் பச்சை-மஞ்சள் வயர். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தொடுத்தால், நடுவில் ஒன்றைக் கழற்றும் நாளில் மற்றதெல்லாம் அநாதை. பூட்டும்போது எர்த் முதலில், பவர் பிறகு. கழற்றும்போது எர்த் கடைசியில்.

காத்தான்குடியிலிருந்து:

அண்ணன், நான் கண்டது வேறு கதை. அங்கே எர்த் நல்லாவே இருந்தது, மின்சாரம் கசிந்தால் தானே நிறுத்துகிற ட்ரிப் சுவிட்ச்தான் அடிக்கடி விழுந்தது. யாரோ ஒரு வயரிங் பாஸ் வந்து பவர் போர்டின் எர்த் பின்னை வெட்டிவிட்டுப் போயிருக்கிறார். ட்ரிப் நின்றது, எல்லாருக்கும் சந்தோஷம்!

30 மில்லியம்பியர் ட்ரிப், கசிவு 15ஐத் தாண்டினாலே விழக்கூடும். பழுதில்லாத பவர் சப்ளையும் கொஞ்சம் கசியத்தான் செய்யும். யூபிஎஸ், சர்வர், சுவிட்ச், கமரா ரெக்கோடர் எல்லாம் ஒரே ட்ரிப்பில் தொங்கினால் கூட்டிப் பாருங்கள். சேர்க்கிட்டை இரண்டாகப் பிரித்துத் தனித்தனி ட்ரிப் போட்டதும் தொல்லை நின்றது. அந்த போர்டைக் குப்பையில் போட்டோம்.

அக்கரைப்பற்றிலிருந்து:

ஒரு இடத்தில் முன் கட்டடத்துக்கும் பின் கட்டடத்துக்கும் செப்புக் கேபிள்தான் இழுத்திருந்தார்கள். இரண்டுக்கும் தனித்தனி எர்த். ஐப்பசி இடி ஒன்று பக்கத்தில் விழ, இரண்டு பக்கமும் அந்தக் கேபிள் செருகியிருந்த போர்ட்டுகள் கருகின. எர்த் ஒழுங்காக இருந்தும் இப்படித்தான், இரண்டு எர்த்துக்கும் நடுவே வந்த வித்தியாசம் கேபிள் வழியே ஓடிவிட்டது. இப்போது அங்கே மின்சாரம் கடத்தாத ஃபைபர். காசு கூடத்தான்.

கல்முனையிலிருந்து:

இவ்வளவும் எதற்கு, லைனுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒரு பல்ப் போட்டுப் பார்த்தால் தெரியாதா?

கல்லடியிலிருந்து:

வேண்டாம் தம்பி. எர்த் அறுந்திருந்தால் பல்ப் எரியாது, ஆனால் அந்த பல்ப் வழியே லைன் போய் அதே எர்த் வயரில் தொங்கும் எல்லாப் பெட்டியிலும் ஏறும். பக்கத்து அறையில் ஃபிரிட்ஜைத் திறக்கிறவருக்கு நீங்கள் சோதிப்பது தெரியாது. எர்த் நன்றாக இருந்தால் ட்ரிப் விழுந்து அலுவலகமே இருட்டாகும். எர்த் டெஸ்டர் உள்ள ஒருவரைக் கூப்பிடுங்கள்.