மறு: எம்பாலிசம் – மரத்துக்குள் காற்று புகுவதற்கு என்ன சொல்?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

நான் கேட்டது ஒரே ஒரு சொல். வந்த மடல்களைப் பார்த்தால் ஓர் அகராதியே போடலாம் போலிருக்கிறது. தனித்தனியாகப் பதில் எழுதாமல் எல்லாவற்றுக்கும் சேர்த்து இங்கேயே எழுதுகிறேன். நீளத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சொல் ஏன் இவ்வளவு பாடு படுத்துகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வறட்சியில் காடுகள் எப்படிச் சாகின்றன என்று ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். கலிபோர்னியாவில் 2012 முதல் 2016 வரை கடும் வறட்சி. 2010 தொடங்கி 2017 முடிவதற்குள் அந்த மாநிலத்தில் ஏறத்தாழ 12.9 கோடி மரங்கள் செத்ததாக அமெரிக்க வனத்துறை கணக்குச் சொன்னது. "தண்ணீரில்லாமல் காய்ந்துபோயின" என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடலாம். முதல் வரைவில் நானும் அப்படித்தான் செய்தேன். ஆனால் அது பாதி உண்மைதான். காய்வது கடைசியில் கண்ணுக்குத் தெரிவது. அதற்கு வெகு முன்பே மரத்தின் குழாய்களுக்குள் காற்று புகுந்து தண்ணீர்ப் பாதையை அடைத்துவிடுகிறது. இதைத்தான் ஆங்கிலத்தில் எம்பாலிசம் என்கிறார்கள். இந்தக் காற்று சொல்லிலேயே தெரிய வேண்டும் என்பதுதான் என் பிடிவாதம்.

கிணற்று மேட்டில் வைத்த மோட்டார் 25 அடிக்குக் கீழே உள்ள தண்ணீரை உறிஞ்சத் திணறும். எவ்வளவு நல்ல மோட்டாராக இருந்தாலும் சுமார் 10 மீட்டர்தான் எல்லை, ஏனென்றால் உண்மையில் தண்ணீரை மேலே தள்ளுவது வெளிக்காற்றின் அழுத்தம். அப்படியானால் கலிபோர்னியாவின் செம்மரம் 110 மீட்டருக்கு மேல் தண்ணீரைக் கொண்டுபோவது எப்படி? (நம் செஞ்சந்தனம் இல்லை, ரெட்வுட்.) இதற்கு விடை சொன்னவர்கள் டப்ளினில் இருந்த டிக்சனும் ஜோலியும், 1894இல். இலையில் நீர் ஆவியாகும்போது அதன் பின்னாலுள்ள நீர் இழுக்கப்படுகிறது. நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று விடாமல் பற்றிக்கொள்வதால், இலையிலிருந்து வேர் வரைக்கும் நீர் ஒரு கயிறு போல விறைத்து நிற்கிறது. வறண்ட கோடையில் அந்த இழுவை 20, 30 வளிமண்டல அழுத்தத்துக்குச் சமமாகக்கூட ஆகும். மண்ணில் ஈரம் குறையக் குறைய இழுவை ஏறும். ஒரு கட்டத்தில் பக்கத்துக் குழாயிலிருந்து ஒரு காற்றுக் குமிழி சுவரிலுள்ள நுண்துளை வழியாக உள்ளே நுழையும், கயிறு அறும், குழாய் காலி.

சரி, இனி உங்கள் பரிந்துரைகள்.

> மருத்துவத் தமிழில் தக்கையடைப்பு என்று இருக்கிறதே, அதையே எடுத்துக்கொண்டால் என்ன?

ஆள் உடம்பில் ஓடும் ரத்தத்துக்கு அது பொருந்தும். மரத்தில்தான் சிக்கல். மரத்துக்குத் தக்கை என்று நிஜமாகவே ஒன்று இருக்கிறது, பட்டையில். "மரத்தில் தக்கையடைப்பு" என்று எழுதினால் படிப்பவர் பட்டையைத்தான் நினைப்பார். மன்னிக்கவும், இது வேண்டாம்.

> காழ் என்ற அருமையான சொல் இருக்கையில் சைலம் எதற்கு? காழடைப்பு என்று சொல்லலாமே.

இலங்கைப் பாடநூல்களில் படித்தவர்களுக்குக் காழும் (நீர் ஏறும் குழாய்கள்) உரியமும் (உணவு செல்லும் குழாய்கள்) கைவந்த சொற்கள். தமிழ்நாட்டில் சைலம், ஃபுளோயம் என்றே படித்து வந்துவிட்டோம். இலையிலிருந்து நீர் ஆவியாவதற்கும் ஆவியுயிர்ப்பு, நீராவிப்போக்கு என்று இரண்டு கட்சி. எனக்குக் காழ் பிடிக்கும். தொல்காப்பிய மரபியல் அகத்தே காழ் உள்ளதை மரம் என்றும் புறத்தே காழ் உள்ளதைப் புல் என்றும் பிரித்ததைக் குழுமத்தில் மூவர் நினைவூட்டியிருந்தீர்கள். ஆனால் அந்தக் காழ் வைரம், அதாவது உறுதி. தச்சர் விரும்புகிற அந்த வைரத்தின் வழியாகத் தண்ணீர் ஓடுவதே இல்லை. ஓடுவது, அவர் செதுக்கித் தள்ளுகிற வெள்ளைப் பகுதியில். இருந்தாலும் பாடநூலில் நிலைத்துவிட்ட சொல்லோடு சண்டை போட நான் வரவில்லை.

அந்தப் பழைய பிரிவினை வேறொரு விதத்தில் இங்கே உதவுகிறது. அகக்காழ் மரம் ஆண்டுதோறும் புதிய குழாய்களைக் கட்டிக்கொள்ளும். அடைபட்டவை போனால் போகட்டும் என்று பிழைத்துக்கொள்ள அதற்கு ஒரு வழி உண்டு. புறக்காழ் இனமான தென்னைக்கு அந்த வசதி கிடையாது. தண்டு பருமனாவதில்லை, இருக்கிற குழாய்களை வைத்தே ஆயுள் முழுக்க ஓட்ட வேண்டும். 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தபோது எங்கள் தோப்பில் இரண்டு தென்னைகள் மட்டை தொங்கி நின்றன. மழை வந்தால் பிழைக்கும் என்று அப்பா காத்திருந்தார். மழையும் வந்தது, ஆனால் மரங்கள் தேறவில்லை. வேர் செத்ததா, குழாய் அடைந்ததா, நான் அறுத்துப் பார்க்கவில்லை. ஆனால் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அந்த இரண்டு மரங்களால்தான்.

> எங்கள் பக்கம் மோட்டார் "ஏர் வாங்கிடுச்சு" என்பார்கள். தண்ணீர் இருக்கும், மோட்டார் ஓடும், குழாயில் ஒன்றும் வராது.

இந்த மடலை எழுதிய அண்ணனுக்கு ஒரு கும்பிடு. எம்பாலிசம் என்பது அச்சு அசலாக இதுதான். உறிஞ்சு குழாயில் சின்ன ஓட்டை, காற்று ஏறிவிட்டது, இழுவை அறுந்தது. ஆகவே என் முன்மொழிவு: காற்றுப்பிடிப்பு. "இந்தக் கிளையில் பாதிக் குழாய்கள் காற்றுப்பிடித்துவிட்டன" என்று வினையாகவும் சொல்ல வருகிறது பாருங்கள். தக்கையடைப்பை அப்படிச் சொல்லவே முடியாது.

வாய்வுப்பிடிப்பு மாதிரி இருக்கிறது, மரத்துக்குப் பூண்டுக் கஷாயம் கொடுக்க வேண்டுமா என்று அக்கா ஒருவர் கேட்டிருந்தார். சிரித்தேன். இருக்கட்டுமே அக்கா, ஒருமுறை சிரித்தவர் சொல்லை மறக்க மாட்டார்.

காவிட்டேஷனையும், அதாவது இழுவை தாங்காமல் அந்த நீர்க்கயிறு அறுவதையும், இதிலேயே அடக்கிவிடலாம் என்று சிலர் எழுதியிருந்தீர்கள். கூடாது. அது நொடியில் நடக்கும் நிகழ்ச்சி. காற்றுப்பிடிப்பு அதன்பின் நீடிக்கும் நிலை. நிகழ்ச்சிக்கு இழையறுதல் போதும் என்று நினைக்கிறேன். இழை அறும்போது ஒலிகூட வருகிறது. 1966இல் மில்பர்னும் ஜான்சனும் ஆமணக்கில் ஒலியுணரும் கருவியைப் பொருத்தி, செடி வாடும்போது எழுந்த டிக் டிக் அதிர்வுகளைப் பதிவு செய்தார்கள். நம் வேலியோரத்து ஆமணக்குதான்!

அடுத்தது, நான் கேட்காமலே எழுந்த விவாதம். வறட்சியில் இலைத்துளைகளைச் சீக்கிரமே மூடிக்கொள்ளும் மரம் ஒரு வகை, மூடாமல் இழுத்துக்கொண்டே இருக்கும் மரம் இன்னொரு வகை. இரண்டு துருவங்களுக்கு நடுவில் எல்லா அளவிலும் மரங்கள் உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். முன்னதை ஐசோஹைட்ரிக் என்கிறார்கள். "சமநீர்ப்பு" என்று ஒருவர் தந்தார். இலக்கணம் சரி, உயிர் இல்லை. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாழ்வது என்கிறோமே, அதேதான் இந்த மரம் செய்கிறது. வாய்கட்டி மரம் என்றால் என்ன குறைந்துவிடும்? இலைத்துளைக்கு அவர்கள் வைத்த ஸ்டோமா என்ற கிரேக்கச் சொல்லுக்கும் வாய் என்றுதான் பொருள்.

வாயைக் கட்டினால் தண்ணீர் மிஞ்சும், ஆனால் கரியமில வாயுவும் உள்ளே வராது, சமையல் நின்றுவிடும். நியூ மெக்சிகோவில் 2002, 2003 வறட்சியில் வாய்கட்டியான பின்யோன் பைன் ஓர் ஆய்வுத்தளத்தில் 90 விழுக்காட்டுக்கும் மேல் செத்தது. பக்கத்திலேயே நின்ற ஜூனிபர், வாயைக் கட்டாத வகை, பெரும்பாலும் தப்பியது. அதன் குழாய்கள் காற்றுப்பிடிப்பை நன்றாகத் தாங்குபவை. 1950களிலும் அங்கே வறட்சி இருந்தது. இந்த முறை வெயில் கூடுதல். சூடான காற்று இலையிலிருந்து ஈரத்தை இன்னும் வேகமாக உறிஞ்சும் என்பதால், மழை அதே அளவு குறைந்தாலும் மரத்துக்கு நெருக்கடி பெரிது. நலிந்த பைன்களைப் பட்டை வண்டுகள் வந்து முடித்துவைத்தன. இப்படி உணவில்லாமல் சாவதற்குக் கரிமப் பட்டினி என்று பலர் எழுதியிருந்தீர்கள், அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

பட்டினியா, காற்றுப்பிடிப்பா, எது கொல்கிறது என்று அறிவியலாளர்களே வெகுகாலம் மல்லுக்கட்டினார்கள். பிரேசிலின் காஷியுவானா காட்டில் 2002 முதல் ஒரு ஹெக்டேரில் பிளாஸ்டிக் பலகை வேய்ந்து, பாதி மழை மண்ணைத் தொடாமல் வடித்துவிட்டார்கள். பெரிய மரங்கள்தான் அதிகம் விழுந்தன. 2015இல் வந்த முடிவு, நின்ற மரங்களில் உணவுச் சேமிப்பு குறையவில்லை, கோளாறு குழாய்களில் என்றது. உலகின் 226 மர இனங்களைப் பார்த்த 2012 ஆய்வு, அவற்றில் 70 விழுக்காடு காற்றுப்பிடிப்பு ஆபத்தின் விளிம்புக்கு மிக அருகிலேயே வாழ்கின்றன என்றது. ஈரக்காடு, வறண்ட காடு என்ற வேறுபாடு இதில் பெரிதாக இல்லை என்பதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது.

கடைசியாக, டைபேக், அதாவது மரங்கள் நுனியிலிருந்து காய்ந்து சாவது. மிளகாய்க்கும் மாமரத்துக்கும் சொல்கிற நுனிக்கருகல் காட்டுக்குப் போதாது. அது ஒரு கிளையின் நோய். மரம் நின்ற நிலையில் சாவதற்கு நம்மிடம் ஒரு வினை இருக்கிறது: பட்டுப்போதல். பட்ட மரம் என்று சொன்னால் விளக்கம் தேவைப்படாத தமிழர் இல்லை என்றே சொல்வேன். சிக்கல் பெயர்ச்சொல்லில். காட்டுப்படல் என்றால் மூங்கில் படல் போல ஒலிக்கிறது. பட்டழிவு என்றால் பட்டுத்துணி நினைவுக்கு வருகிறது. இப்போதைக்கு "காடு பட்டுப்போதல்" என்று இரண்டு சொல்லாகவே எழுதப்போகிறேன். எல்லாமே ஒற்றைச் சொல்லாகத்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது?

இன்னும் ஒன்று மிச்சமிருக்கிறது. காற்றுப்பிடித்த குழாயில் திரும்பவும் நீர் ஏறினால் அதற்கு என்ன சொல்? சில செடிகளில் இரவில் வேர் அழுத்தத்தால் இது நடக்கிறது. மோட்டாரில் காற்றை வெளியேற்ற மேலே திறந்து தண்ணீர் ஊற்றுவோமே, எங்கள் ஊரில் அதற்குத் தனிச்சொல் கிடையாது, "தண்ணி ஊத்தி எடுக்கிறது" என்பார்கள். உங்கள் பக்கம் என்ன சொல்வார்கள்? பம்புசெட் வைத்திருப்பவர்களைக் கேட்டு எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் கிடைத்தால் கட்டுரையில் சேர்த்துவிடுவேன்.