வால்வ் பிரீஆம்பிலிருந்து 6 மீட்டர் தள்ளி பவர் ஆம்ப்: வெள்ளி இன்டர்கனெக்ட் வாங்கலாமா?

இரவுச்செவி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் உள்ள டிஏசி (டிஜிட்டல் இசையை அனலாக் சிக்னலாக மாற்றும் கருவி), டர்ன்டேபிள் (இசைத்தட்டு இயக்கி), வால்வ் பிரீஆம்ப் (உள்ளீட்டைத் தேர்ந்து வால்யூமை மாற்றும் கருவி) ஆகிய மூன்றும் ஒரு சுவரோரம் இருக்கின்றன. ஸ்பீக்கர்களை இயக்கும் பவர் ஆம்ப் எதிர்ச்சுவரில், அவற்றுக்கு நடுவில் இருக்கிறது. கதவு நிலையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருப்பதால், பிரீஆம்பையும் பவர் ஆம்பையும் இணைக்கும் ஆர்சிஏ கேபிள் (நடுமுனையும் அதைச் சுற்றி எர்த் வளையமும் உள்ள பிளக் கொண்ட இன்டர்கனெக்ட்) 6 மீட்டர் நீளமாகிவிட்டது. அதன் பிளக் இப்போது தளர்ந்துவிட்டதால் புதிதாக ஒன்று வாங்க வேண்டும். வாங்குவதுதான் வாங்குகிறோம், நல்லதாகவே வாங்கிவிடலாம் என்று நினைக்கிறேன்.

இதற்கிடையில் நண்பர் ஒருவர் தம்முடைய 1 மீட்டர் வெள்ளி எக்ஸ்எல்ஆர் கேபிளை (மூன்று முனைப் பிளக் உள்ளது) இரவல் தந்தார். டிஏசிக்கும் பிரீஆம்புக்கும் இடையே என் பழைய ஆர்சிஏ கேபிளையும் அதையும் சேர்த்தே இணைத்துவிட்டு, உள்ளீட்டை மாற்றி மாற்றிக் கேட்டேன். வெள்ளிக் கேபிளில் வயலின் வில்லின் உரசல் இன்னும் தெளிவாகவும், பாடகரின் குரல் ஓரடி முன்னால் வந்தது போலவும் இருந்தது. இரண்டின் வால்யூமையும் காதாலேயே சமன்செய்துகொண்டேன்.

அப்படியானால் 6 மீட்டருக்கும் வெள்ளியே வாங்கலாமா? கேபிளின் மேல் அச்சிட்டிருக்கும் அம்புக்குறிக்கு உண்மையிலேயே பொருள் உண்டா? பாட்டு ஓடாத நேரத்தில் ஸ்பீக்கரில் மெல்லிய ரீங்காரம் கேட்கிறது. கேபிளை மாற்றினால் அது போய்விடுமா? பிரீஆம்பின் கையேட்டில் வெளியீட்டு இம்பீடன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்குக் காட்டும் தடை) 3 கிலோ ஓம் என்றும், டிஏசியின் கையேட்டில் 100 ஓம் என்றும் போட்டிருக்கிறது. பவர் ஆம்பில் ஆர்சிஏ உள்ளீடு மட்டுமே உண்டு.

சாலிடர்புகை:

இம்பீடன்ஸ் எண்களைக் கேட்காமலே கொடுத்திருக்கிறீர்கள். பெரும்பாலோர் உலோகத்தின் பெயரோடு நிறுத்திவிடுவார்கள். உங்கள் கேள்விக்கான விடை வெள்ளியில் இல்லை, அந்த 3 கிலோ ஓமில்தான் இருக்கிறது.

உலோகத்தை முதலில் முடித்துவிடுவோம். வெள்ளி செம்பைவிட ஏறத்தாழ 6 விழுக்காடு நன்றாக மின்சாரத்தைக் கடத்தும். 0.2 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி 1 மீட்டர் நீளத்துக்கு 0.084 ஓம் தடை தரும். எதிர்முனையில் 10,000 ஓமோ அதற்கு மேலோ உள்ளீடு காத்திருக்கும்போது, அந்த 0.084 ஓமில் 6 விழுக்காடு மிச்சமாவது எந்தக் காதுக்கும் எட்டாது.

மின்தேக்குத்திறன் அப்படியல்ல. கேபிளின் நடுக்கம்பியும் ஷீல்டும் (அதைச் சுற்றியுள்ள உலோக உறை) சேர்ந்து ஒரு சிறு கெப்பாசிட்டராக, அதாவது மின்தேக்கியாகச் செயல்படுகின்றன. நீளம் கூடக் கூட அதுவும் கூடும். கருவியின் வெளியீட்டு இம்பீடன்ஸோடு சேரும்போது அது உயர் அதிர்வெண்களை வெட்டும் வடிகட்டியாகிவிடுகிறது. டிஏசியின் 100 ஓமுக்கு 1 மீட்டர் கேபிள் 150 பிகோஃபாரட் (மின்தேக்குத்திறனின் அலகு) கொடுத்தாலும், வெட்டு தொடங்கும் இடம் 10 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே போய்விடும். அங்கே எந்தக் கேபிளைப் போட்டாலும் ஒன்றுதான். பிரீஆம்ப் பக்கம் கதை வேறு. மீட்டருக்கு 150 பிகோஃபாரட் உள்ள கேபிளை 6 மீட்டர் இழுத்தால் மொத்தம் 900 ஆகிறது. 3 கிலோ ஓமோடு சேர்ந்து 20 கிலோஹெர்ட்ஸில் அரை டெசிபலுக்குச் சற்றுக் குறைவாக இழப்பீர்கள். பெல்டன் 1694ஏ போன்ற கோஆக்சியல் கேபிளில் (ஒரே நடுக்கம்பியைச் சுற்றி ஷீல்டு உள்ளது) மீட்டருக்கு ஏறத்தாழ 53 பிகோஃபாரட்தான், இழப்பு 0.06 டெசிபலாகச் சுருங்கிவிடும். ஆகவே விளம்பரத்தில் பளபளக்கும் படத்தைப் பார்க்காமல், தரவுத்தாளில் மீட்டருக்கு எத்தனை பிகோஃபாரட் என்று பாருங்கள். அந்த எண்ணைச் சொல்ல மறுக்கும் தயாரிப்பாளரிடம் 6 மீட்டர் வாங்காதீர்கள்.

இதே இடத்தில் 50 கிலோ ஓம் பொட்டன்ஷியோமீட்டர் (வால்யூம் திருகின் மாறும் தடை) மட்டும் உள்ள, சிக்னலைப் பெருக்காத பாசிவ் பிரீஆம்பை யாராவது வைத்திருந்தால், வால்யூமின் ஒரு நிலையில் வெளியீட்டு இம்பீடன்ஸ் 12.5 கிலோ ஓமைத் தொடும். 900 பிகோஃபாரட்டோடு 20 கிலோஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட 5 டெசிபல் போய்விடும். "இந்தக் கேபிள் மென்மையான ஒலி தருகிறது" என்று சொல்லப்படும்போது, பல வேளைகளில் பின்னணியில் இருப்பது இந்தக் கணக்குதான்.

அம்புக்குறிக்குப் பொருள் உண்டு, ஆனால் எல்லாக் கேபிளிலும் இல்லை. உள்ளே இரண்டு கம்பிகள் வைத்து, ஷீல்டை ஒரு முனையில் மட்டும் இணைத்திருக்கும் ஆர்சிஏ கேபிள்களில் இணைத்த முனை சிக்னல் புறப்படும் கருவியின் பக்கம் இருக்க வேண்டும். அம்பு அதைத்தான் காட்டுகிறது. மின்னணுக்கள் ஒரு திசையில் ஓடப் பழகிக்கொள்ளும் என்பதெல்லாம் கதை.

வெள்ளிக் கேபிளில் நீங்கள் கேட்ட வேறுபாட்டைப் பற்றி எனக்கு ஐயம் இருக்கிறது. டிஏசிகளில் எக்ஸ்எல்ஆர் வெளியீடு பொதுவாக ஆர்சிஏவைவிட 6 டெசிபல் அதிகம். காதால் சமன்செய்யும்போது ஒரு டெசிபல் தவறுவது மிக எளிது. அந்த அளவு வேறுபாட்டை நாம் "சத்தம் கூடியது" என்று உணர்வதில்லை, "தெளிவு கூடியது" என்றே உணர்கிறோம். ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை வைத்து, 200 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, இரண்டு வழியிலும் வோல்ட்டை அளந்து சொல்லுங்கள். 1 கிலோஹெர்ட்ஸ் வேண்டாம். சாதாரண மீட்டர்கள் பலவும் அங்கே தடுமாறும்.

மென்னிசை:

நண்பர் சாலிடர்புகையின் கணக்கில் எனக்குப் பிழை தெரியவில்லை. ஆனால் அதே கணக்குதான் "எல்லாக் கேபிளும் ஒன்றே" என்ற வாதத்தையும் உடைக்கிறது என்பதைக் கவனியுங்கள். வால்வ் கருவி வைத்திருப்பவர்கள் வேறுபாடு கேட்பதாகச் சொன்னால், உடனே மனப்பிரமை என்று ஒதுக்கிவிடுவது நியாயமில்லை. நானே வெள்ளிக் கேபிள் வைத்திருக்கிறேன். அதை விற்கப் போவதில்லை. பிளக்கின் பிடிமானமும் கைவேலையும் எனக்கு ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சி தருகின்றன. அந்த மகிழ்ச்சியை மல்டிமீட்டரில் அளக்க வேண்டிய தேவை எனக்கில்லை. ஆனால் 6 மீட்டருக்கு நான் வெள்ளியைப் பரிந்துரைக்க மாட்டேன்.

ரீங்காரத்தைப் பற்றி ஒன்று. பவர் ஆம்பின் உள்ளீட்டில் ஷார்ட்டிங் பிளக் (நடுமுனையையும் எர்த்தையும் ஒன்றாக இணைக்கும் பிளக்) செருகிப் பாருங்கள். அப்போதும் ஒலித்தால் கோளாறு ஆம்புக்குள்ளேயே இருக்கிறது. நின்றுவிட்டால் எர்த் லூப்பாக (கருவிகளின் எர்த் இணைப்புகள் சேர்ந்து உருவாக்கும் வளையமாக) இருக்கலாம். ஒவ்வொரு கருவியாகக் கழற்றிக்கொண்டே வாருங்கள். ஷீல்டில் ஓடும் மின்னோட்டம் 1 மில்லிஆம்பியர், ஷீல்டின் தடை 0.1 ஓம் என்று வைத்துக்கொண்டால், 100 மைக்ரோவோல்ட் ரீங்காரம் ஆர்சிஏ சிக்னலோடு நேராகக் கலந்துவிடும். அடர்த்தியான செம்புப் பின்னல் உள்ள ஷீல்டுக்கு நான் மதிப்புக் கொடுப்பது இதனால்தான். எக்காரணம் கொண்டும் மின்பிளக்கின் எர்த் முனையைத் துண்டிக்காதீர்கள். அது உயிரோடு விளையாடுவது.

ஊசிமுனை:

டர்ன்டேபிளை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். மூவிங் மேக்னட் (காந்தம் அசையும் வகை) காட்ரிட்ஜின், அதாவது ஊசியின் அசைவை மின்சிக்னலாக்கும் பகுதியின், சுருளில் 500 மில்லிஹென்றி தூண்டல்திறன் இருந்தால், 200 பிகோஃபாரட் சுமையோடு அதன் ஒத்ததிர்வு 16 கிலோஹெர்ட்ஸ் அருகே விழும். சுமை 400 ஆனால் 11 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கி, உச்சஸ்தாயி கூர்மையாகி அதற்கு மேல் சரிந்துவிடும். டோன் ஆர்ம் (ஊசியைத் தாங்கும் கை) கம்பி, கேபிள், ஃபோனோ (டர்ன்டேபிளுக்கான) உள்ளீடு ஆகிய மூன்றின் பிகோஃபாரட்டும் கூடித்தான் அந்தச் சுமை. மூவிங் காயில் (சுருள் அசையும் வகை) என்றால் இந்தக் கவலை இல்லை. அங்கே சிக்னல் அரை மில்லிவோல்ட் அளவுதான் என்பதால் ஷீல்டு மட்டும் நன்றாக இருக்க வேண்டும்.

இரவுச்செவி:

மூவருக்கும் நன்றி. நேற்று மாலை உட்கார்ந்து அளந்தேன். ஆர்சிஏ வழியே 2.00 வோல்ட், நான் காதால் சமன்செய்திருந்த எக்ஸ்எல்ஆர் நிலையில் 2.19 வோல்ட். ஏறத்தாழ 0.8 டெசிபல் கூடுதலாக வைத்துக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். பிறகு வால்யூம் திருகின் விளிம்பில் இரண்டு கோடுகள் போட்டு, என் மனைவி எனக்குப் பின்னால் நின்று நாணயம் சுண்டி உள்ளீட்டை மாற்ற, 16 முறை ஊகித்தேன். 9 சரி. வெறும் ஊகத்தில் 12 அல்லது அதற்கு மேல் சரியாக வர 4 விழுக்காட்டுக்கும் குறைவான வாய்ப்புதான். 9 என்பது நாணயமே எனக்காக ஊகித்தாலும் வரக்கூடிய எண். குரல் ஓரடி முன்னால் வரவே இல்லை.

ஷார்ட்டிங் பிளக்கைச் செருகியதும் ரீங்காரம் நின்றது. ஒவ்வொன்றாகக் கழற்றியதில், டிஏசியோடு இணைந்திருந்த டிவி பெட்டியின் ஆன்டெனா கேபிளைப் பிடுங்கியவுடன் அறை அமைதியானது. அந்த இடத்தில் ஓர் ஐசோலேட்டர் (எர்த் தொடர்பை அறுக்கும் சிறு கருவி) போட எண்ணியிருக்கிறேன். என் காட்ரிட்ஜ் மூவிங் காயில்தான். 6 மீட்டருக்கு மின்தேக்குத்திறன் குறைந்த கோஆக்சியலையே நானே பிளக் வைத்துச் செய்துகொள்கிறேன்.

சாலிடர்புகை:

நல்ல முடிவு. சாலிடர் செய்யும்போது கோஆக்சியலின் ஃபோம் காப்பு எளிதில் உருகும். இரும்பை இரண்டு வினாடிக்கு மேல் வைக்காதீர்கள், முடிந்ததும் நடுமுனைக்கும் ஷீல்டுக்கும் இடையே ஷார்ட் இருக்கிறதா என்று மீட்டரில் பாருங்கள். இணைக்கும் முன் பவர் ஆம்பை அணைத்துவிடுங்கள். ஆர்சிஏ பிளக்கில் எர்த் வளையத்துக்கு முன்பே நடுமுனை தொட்டுவிடும். ஆம்ப் ஓடிக்கொண்டிருந்தால் அந்த ஒரு கணத்தில் எழும் உறுமலில் ட்வீட்டர் (உயர் அதிர்வெண் ஸ்பீக்கர்) போய்விடக்கூடும்.