புதுப்பிப்பு: ஆர்ட்டிஸ்ட் ஸ்டேட்மென்ட், முதல் வரிக்குப் பிறகு

ஓவியர் தன் படங்களைப் பற்றித் தானே எழுதும் சிறு குறிப்புதான் ஆர்ட்டிஸ்ட் ஸ்டேட்மென்ட். போன பதிவில், அது 150 சொல்லுக்குள் இருக்கட்டும், ஒன்றே எல்லா இடத்துக்கும் போதும் என்று எழுதியிருந்தோம். இரண்டாவது பாதியைத் திருத்திக்கொள்கிறோம். ஒவ்வொரு படவரிசைக்கும் தனியாக ஒன்று வேண்டும். கண்காட்சிச் சுவருக்கு 80 சொல் தாராளம், நின்றுகொண்டு அதற்குமேல் யாரும் படிக்க மாட்டார்கள்.

நீங்கள் அனுப்பிய வரைவுகளில் பலவும் சறுக்குவது இந்த மாதிரி வரியில்: "என் ஓவியங்கள் மனித உணர்வுகளின் ஆழத்தைத் தேடும் பயணம்." இதை யார் படத்துக்குக் கீழே ஒட்டினாலும் பொருந்தும். அதுதான் கோளாறு. தஞ்சாவூர் பாணியில் இன்றைய மனிதர்களை வரைபவர் இப்படி எழுதலாம்:

"பலகையில் துணி ஒட்டி, மக்கு வைத்து, 22 காரட் தங்கத்தாள் பதித்து பஸ் கண்டக்டர்களை வரைகிறேன். சாமியின் கிரீடத்துக்குப் போகும் தங்கம் இங்கே விசிலுக்கும் தோல்பைக்கும் போகிறது."

(மக்கு என்பது தங்கத்தாளுக்கு அடியில் மேடாக வைக்கும் குழைவு.) பொருள், செய்முறை, நோக்கம் மூன்றும் வந்தாயிற்று. 'சமூக ஏற்றத்தாழ்வு' என்ற சொல்லே தேவைப்படவில்லை.

பிறந்த ஊர், படித்த கல்லூரி, விருது எல்லாம் பயோவுக்கு, அதாவது ஓவியரைப் பற்றிய அறிமுகக் குறிப்புக்கு. அது 'இவர்' என்று படர்க்கையில் போகும், ஸ்டேட்மென்ட் 'நான்' என்றே இருக்கட்டும்.

ஆங்கிலப் பிரதியை மெஷினிடம் மட்டும் விட்டுவிடாதீர்கள். 'மக்கு' அங்கே முட்டாளாகிவிடலாம். சொல்லை அப்படியே வைத்து, பக்கத்தில் 'சுண்ணப்பொடியும் பசையும் குழைத்த மேடு' என்று ஒரு விளக்கம் சேர்த்தால் போதும்.

அனுப்புமுன் ஒரு சோதனை: பெயரை மறைத்து, ஸ்டேட்மென்டை உங்கள் படத்தோடும் வேறு நால்வர் படத்தோடும் நண்பரிடம் கொடுத்து, அது எந்தப் படத்துக்கு உரியது என்று கேளுங்கள். சரியான படத்தை எடுக்கத் திணறினால் வினைச்சொற்களை மாற்றுங்கள்: 'ஆராய்கிறேன்' போய் 'செதுக்குகிறேன்', 'ஒட்டுகிறேன்', 'சுரண்டுகிறேன்' வரட்டும்.