24 மணி நேர அட்டெண்டர்: லைசென்ஸ் வந்தால் தரம் வருமா, ஆளே கிடைக்காமல் போகுமா?

வேளச்சேரி வாசி

நேராகவே கேட்டுவிடுகிறேன். வீட்டுக்கு நர்ஸ், அட்டெண்டர் அனுப்பும் ஏஜென்சி ஆரம்பிக்க ஒரு மேஜையும் ஒரு வாட்ஸாப் நம்பரும் போதும் என்ற நிலை சென்னையில் இன்னும் எத்தனை நாளைக்கு? தெருமுனையில் இட்லிக் கடை போடுபவர்கூட உணவுப் பாதுகாப்புப் பதிவு வாங்க வேண்டியிருக்கிறது. பக்கவாதம் வந்து படுத்திருக்கும் மனிதருக்கு மூக்குக் குழாயில் கஞ்சி விட அனுப்பும் ஆளுக்கு ஒன்றுமே வேண்டாமா?

அப்பாவுக்கு வலது பக்கம் முழுக்க வரவில்லை. ரைல்ஸ் டியூப் (மூக்கு வழியாக உணவு போகும் குழாய்), கதீட்டர் (சிறுநீர்க் குழாய்) இரண்டும் இருக்கிறது. "டிரெயின்டு நர்ஸ்" என்று சொல்லித்தான் மாதம் 28 ஆயிரம் பேசினார்கள், ரெஜிஸ்ட்ரேஷன் பணம் தனி. வந்த பெண் அப்பாவை மல்லாக்கப் படுக்கவைத்தபடியே ஃபீட் விட்டார், அப்பா இருமியும் நிறுத்தவில்லை. கேட்டால், போன வீட்டில் இப்படித்தான் கொடுத்தேன் என்கிறார். சர்டிபிகேட் கேட்டேன், கழுத்தில் தொங்கிய ஐடி கார்டைக் காட்டினார். ஏஜென்சியே லேமினேட் போட்டுக் கொடுத்த கார்டு அது. அவர்களுக்குப் போன் செய்தால் "ரீப்ளேஸ்மென்ட் அனுப்புறோம் சார்". ரீப்ளேஸ்மென்ட்டாக வந்தவர், கீழே தொங்க வேண்டிய யூரின் பேகைத் தூக்கிக் கட்டில் மேலேயே வைத்தார்.

ஏஜென்சிக்குக் கட்டாயப் பதிவு, ஆளுக்குக் குறைந்தபட்சப் பயிற்சி, போலீஸ் வெரிஃபிகேஷன். இந்த மூன்றையும் எதிர்க்க யாருக்காவது நியாயமான காரணம் இருந்தால் சொல்லுங்கள்.

ஏஜென்சி அண்ணாச்சி

எதிர்க்கிறேன், காரணமும் சொல்கிறேன். இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன், போரூர் பக்கம் சின்ன ஏஜென்சி.

சார், நீங்கள் கேட்டது நர்ஸ், கொடுத்தது அட்டெண்டர் ரேட்டு. ஜி.என்.எம். என்கிற நர்சிங் டிப்ளமோ என்றால் மூன்று வருடப் படிப்பு, பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருடம். அவர்கள் 24 மணி நேரம் உங்கள் வீட்டில் தங்க மாட்டார்கள், 12 மணி நேர ஷிப்ட்தான், இரண்டு பேர் வேண்டும். அந்தக் கணக்கைச் சொன்னால் பத்தில் எட்டு வீட்டில் "அவ்வளவெல்லாம் வேண்டாம், பழகிய ஆளாகப் பார்த்து அனுப்புங்க" என்பார்கள். அனுப்பிய பிறகு நர்ஸ் இல்லை என்று சண்டை.

லைசென்ஸ் வந்தால் என்ன ஆகும் தெரியுமா? ஆப் வைத்து விளம்பரம் செய்கிற பெரிய கம்பெனி மட்டும் நிற்கும், ரேட்டை அவர்கள் வைப்பார்கள். என் மாதிரி ஆட்கள் போர்டைக் கழற்றிவிடுவோம். தேவை மட்டும் குறையாது. அபார்ட்மென்ட் வாட்ச்மேன் தனக்குத் தெரிந்த ஒரு அக்காவைக் கூட்டி வருவார், அவருக்கு லேமினேட் கார்டுகூட இருக்காது.

போலீஸ் வெரிஃபிகேஷன் தமிழ்நாடு போலீஸ் இணையதளத்திலேயே இப்போதும் இருக்கிறது, வீட்டு வேலைக்கு வருபவரையும் அதில் சரிபார்க்கலாம். எத்தனை பேர் செய்கிறீர்கள்? இன்னொன்று, ஒடிசாவிலிருந்து ஆறு மாதம் முன்பு வந்த பெண்ணைப் பற்றி இங்கே இருக்கும் பதிவில் என்ன கிடைத்துவிடும்?

ஓய்வு பெற்ற சிஸ்டர்

அண்ணாச்சி, ரேட்டைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. ஆனால் ஒரு கேள்வியைத் தாண்டிப் போய்விட்டீர்கள். அட்டெண்டரை "நர்ஸ்" என்று சொல்லி அனுப்பியது யார்? தமிழ்நாடு நர்ஸஸ் அண்டு மிட்வைவ்ஸ் கவுன்சிலில் பதிவு எண் இருந்தால் நர்ஸ், இல்லையென்றால் இல்லை. வெள்ளைக் கோட்டுப் போட்டதும் நர்ஸ் ஆகிவிட முடியாது. இதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை, பொய் சொல்லாமல் இருந்தால் போதும்.

வேளச்சேரி தம்பி, "பயிற்சி" என்று பொதுவாகச் சொன்னால் உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது. எந்த வேலையை யார் செய்யலாம் என்று பிரித்துக் கேளுங்கள். குளிப்பாட்டுவது, டயப்பர் மாற்றுவது, திருப்பிப் படுக்க வைப்பது, வாய் சுத்தம், நடக்க வைப்பது எல்லாம் நன்றாகப் பழக்கிய அட்டெண்டர் செய்யலாம். ஏற்கெனவே போட்டிருக்கும் டியூபில் ஃபீட் கொடுக்கவும் சொல்லித்தரலாம்: தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்த்தியிருக்க வேண்டும், மூக்கருகே டியூபில் போட்ட குறி நகர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும், முடிந்ததும் தண்ணீர் விட வேண்டும், அரை மணி நேரமாவது படுக்க வைக்கக் கூடாது, இருமினால் உடனே நிறுத்த வேண்டும். ஆனால் டியூப் வெளியே வந்துவிட்டால் அட்டெண்டர் திரும்ப உள்ளே தள்ளக் கூடாது. கதீட்டர் மாற்றுவதும் அவர் வேலை இல்லை.

எனக்கு அதிகம் பயம் இன்சுலினில்தான். நம் ஊரில் பாட்டிலில் வரும் இன்சுலின் ஒரு மில்லிக்கு 40 யூனிட்டிலும் கிடைக்கும், 100 யூனிட்டிலும் கிடைக்கும். 40-க்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், 100-க்கு ஆரஞ்சு மூடி. மருந்துக் கடையில் 100 யூனிட் பாட்டிலைக் கொடுத்திருக்க, வீட்டில் இருந்த சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரைக்கும் இழுத்தால் உள்ளே போவது 20 யூனிட் இல்லை, 50. பேஷண்ட் ராத்திரியில் வியர்த்துப்போய் மயங்கிக் கிடப்பார், தூங்குகிறார் என்று நினைப்பார்கள். இதைச் சொல்லிக் கொடுக்க ஐந்து நிமிடம் ஆகும். நான் பார்த்த எந்த ஏஜென்சியும் அந்த ஐந்து நிமிடத்தைச் செலவு செய்யவில்லை.

திருவண்ணாமலைப் பெண்

எல்லாரும் பேஷண்ட் பாதுகாப்பையே பேசுகிறீர்கள். என் அம்மா இந்த வேலையில்தான் இருக்கிறார், அதனால் மறுபக்கத்தையும் கேளுங்கள்.

24 மணி நேர டியூட்டி என்றால் நிஜமாகவே 24 மணி நேரம்தான். பேஷண்ட் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் பாய், ராத்திரி நாலைந்து தடவை எழுப்புவார்கள், காலையில் ஆறு மணிக்குக் காபி போடச் சொல்வார்கள். அட்டெண்டராகப் போனவர் மதியத்துக்குள் வீட்டு வேலைக்காரியாகவும் ஆகிவிடுவார். அம்மாவிடம் ஒரு ஏஜென்சி ஒரிஜினல் ஆதாரை வாங்கி வைத்துக்கொண்டு மூன்று மாதம் முடியாமல் தர மாட்டேன் என்றது. ஒரு வீட்டில் மோதிரம் காணோம் என்று பையைக் கொட்டிச் சோதித்தார்கள். பிறகு அது அவர்கள் பீரோவிலேயே கிடைத்தது, யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. புத்தி தெளிவாக இருக்கிற பெரியவர்கள் தப்பாகக் கை வைப்பதைப் பற்றி நான் இங்கே விரிவாக எழுதப்போவதில்லை. 2013 பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தில் வீடும் பணியிடம்தான், மாவட்டக் கமிட்டியில் புகார் கொடுக்கலாம். எந்த ஏஜென்சியாவது இதை அனுப்பும் பெண்ணிடம் சொல்லி அனுப்பியிருக்கிறதா?

எங்களுக்குப் போலீஸ் வெரிஃபிகேஷன் சரி. எந்த வீட்டுக்கு அனுப்புகிறார்களோ அந்த வீட்டை யார் வெரிஃபை செய்வது?

வேளச்சேரி வாசி

அம்மாவுக்கு நடந்தது தப்புதான், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் தனி அறை, தனி பாத்ரூம், நாங்கள் சாப்பிடுவதே அவருக்கும். எல்லா வீட்டையும் ஒரே கணக்கில் சேர்க்காதீர்கள்.

திருவண்ணாமலைப் பெண்

தனி அறை நல்லது சார். அந்த அறையில் அவர் எத்தனை மணி நேரம் தூங்கினார்?

மாம்பலம் ரிட்டயர்டு

நான் அரசாங்கத்தில் இருந்தவன், அதனால் இன்ஸ்பெக்ஷன் என்றால் என்ன என்று தெரியும். தமிழ்நாட்டில் மருத்துவ நிலையங்கள் சட்டம் 1997-லேயே வந்தது, விதிகள் வந்தது 2018-ல். இடையில் இருபது வருடம். அதுவும் கட்டடம், படுக்கை, ஆபரேஷன் தியேட்டர் என்று பார்க்கிற சட்டம், உங்கள் வீட்டுப் பெட்ரூமுக்குள் வந்து யார் பார்ப்பது?

மத்திய அரசு பக்கமும் பார்த்தாயிற்று. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ல் வந்தது. அதைத் திருத்த 2019 டிசம்பரில் மக்களவையில் மசோதா கொண்டுவந்தார்கள். வீட்டுக்கே வந்து முதியோரைக் கவனிக்கும் நிறுவனங்களும் பதிவு செய்ய வேண்டும், குறைந்தபட்சத் தரம் வேண்டும் என்று அதிலேயே இருந்தது. நிலைக்குழுவுக்குப் போனது, அந்த மக்களவையோடு காலாவதியானது. ஆக நீங்கள் கேட்பதை ஒருதரம் எழுதியே பார்த்தாயிற்று. நிறைவேறியிருந்தாலும் என்ன, வருடத்துக்கு ஒரு முறை ஒருத்தர் வருவார், கவரை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுவார், அந்தக் கவரின் விலையும் உங்கள் 28 ஆயிரத்தில் ஏறும். நுகர்வோர் கோர்ட்டு இருக்கிறது, 50 லட்சம் வரைக்கும் மாவட்ட ஆணையத்திலேயே போடலாம், நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யலாம். இருக்கிற கதவைத் தட்டுங்கள்.

லண்டன் கேரர்

மாம்பலம் ஐயா, நுகர்வோர் கோர்ட்டில் போடக் கையில் காகிதம் வேண்டுமே. வேளச்சேரிக்காரரிடம் என்ன இருக்கிறது? ஒரு வாட்ஸாப் சாட், ஒரு ஜிபே ஸ்கிரீன்ஷாட்.

இங்கே நான் கேர் வேலைதான் செய்கிறேன். இங்கிலாந்தில் வீட்டுக்குப் போய்க் கவனிக்கும் ஏஜென்சிகள் சி.க்யூ.சி. என்ற கண்காணிப்பு அமைப்பில் பதிவு செய்யாமல் தொழில் செய்ய முடியாது. அவர்கள் சோதித்துத் தரம் போட்டு இணையத்தில் வெளியிடுவார்கள், மோசம் என்றால் மோசம் என்றே போடுவார்கள். அதனால் எல்லாம் சொர்க்கம் என்று நினைக்காதீர்கள். செலவை ஏற்கும் உள்ளாட்சிக் கவுன்சிலின் காசு பத்தாமல் 15 நிமிட விசிட் என்று ஓட வைத்தார்கள், பதினைந்து நிமிடத்தில் ஒரு பாட்டிக்கு உடை மாற்றி மாத்திரை கொடுத்து டீ போட்டு வைக்க எந்தக் கொம்பனாலும் முடியாது. அரை மணி நேரத்துக்குக் குறைவான விசிட் குறிப்பிட்ட சில வேலைகளுக்கு மட்டும்தான் என்று 2015-ல் வழிகாட்டுதல் வந்தும் இழுபறிதான்.

ஆனால் ஒன்று உறுதியாக உதவுகிறது. ஒவ்வொரு வீட்டிலும் கேர் பிளான் இருக்கும்: இவருக்கு என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது. என்ன மருந்து, எப்போது, கொடுத்தது யார் என்று கையெழுத்தோடு சார்ட் இருக்கும். கொடுக்கவில்லை என்றால் ஏன் என்று எழுத வேண்டும். நான் ஷிப்ட் முடித்துப் போனபின் வருகிறவர் அதைப் படித்துவிட்டுத்தான் கை வைப்பார். இதற்குக் கணினி, ஆப் எதுவும் வேண்டாம், நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும்.

கோவில்பட்டிக்காரன்

எல்லாம் சென்னைப் பேச்சாகவே போகிறது. எங்கள் பக்கம் ஏஜென்சி என்று ஒன்று இருந்தால்தானே லைசென்ஸ் கொடுப்பதற்கு. பெரியம்மாவை இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஒரு அக்காதான் வந்து குளிப்பாட்டிப் போகிறார். மக்களைத் தேடி மருத்துவத்தில் பிபி, சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, பிசியோதெரபி செய்பவரும் வந்து பார்த்துவிட்டுப் போனார். 2021-ல் அந்தத் திட்டம் வந்தபோது நானே கிண்டல் செய்தேன், அது வேறு கதை. சட்டம் போட்டால் அந்த அக்கா குற்றவாளி ஆகிவிடுவாரா?

ஓய்வு பெற்ற சிஸ்டர்

ஆக மாட்டார். ஆளை அனுப்பிக் கமிஷன் வாங்குபவருக்குத்தான் பதிவு கேட்கிறோம், பக்கத்துத் தெரு அக்காவுக்கு இல்லை. அந்த அக்காவுக்கு வேண்டியது பயிற்சி. உங்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் வலிநிவாரணப் பராமரிப்பு பார்க்கும் நர்ஸ் இருந்தால் ஒரு தடவை வீட்டில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். கேரளத்தில் 2008-லேயே இதற்கென்று கொள்கை போட்டுப் பஞ்சாயத்து வழியாக வீடுவீடாக நர்ஸை அனுப்பினார்கள். இங்கே 60 வயதுக்கு மேற்பட்டவர்கள் 2021-லேயே 13.6 சதவீதம் என்று மத்திய அரசு மதிப்பிட்டது, கேரளத்துக்கு அடுத்தபடி நாம்தான். இனிமேலும் அக்காக்களை நம்பி ஓட்ட முடியாது.

லண்டன் தம்பி சொன்ன நோட்டை நான் அப்படியே ஆதரிக்கிறேன். எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் திருப்பினார்கள் என்று அதில் எழுதினாலே பாதிப் படுக்கைப் புண் வராது. படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்ப வேண்டும். ஆல்பா பெட் (காற்று மெத்தை) வாங்கிப் போட்டாயிற்று, இனித் திருப்ப வேண்டாம் என்று நினைக்கிறார்கள், அது தப்பு. வால் எலும்பு மேல், குதிகால், இடுப்பு, இந்த இடங்களில் சிவந்து, விரலால் அழுத்தினாலும் சிவப்பு மறையவில்லை என்றால் புண் ஆரம்பித்துவிட்டது.

ஏஜென்சி அண்ணாச்சி

சிஸ்டர், நீங்களே என் வழக்கை வாதாடிக் கொடுத்துவிட்டீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, ராத்திரியிலும். அதை ஒரே ஆள், மாதம் முப்பது நாளும் எப்படிச் செய்வார்? செய்ய மாட்டார். தூங்குவார், நோட்டில் மட்டும் காலையில் உட்கார்ந்து பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு என்று வரிசையாக எழுதிவைப்பார். தரம் என்று நீங்கள் சொல்வதெல்லாம் கடைசியில் ஆள் கணக்குதான், ஆள் கணக்கு என்பது காசு கணக்கு.

சரி, நோட்டு கொடுக்கிறேன். ஆளைப் பற்றி உண்மையை எழுதித் தருகிறேன், அட்டெண்டர் என்றால் அட்டெண்டர் என்றே இருக்கும். டியூப், ஊசி விஷயத்தில் என்ன செய்வார், என்ன செய்ய மாட்டார் என்றும் எழுதுகிறேன். இதற்கு எந்த இன்ஸ்பெக்டரும் வேண்டாம். ஆனால் 24 மணி நேரத்துக்கு ஒரு ஆள் என்று யார் கேட்டாலும், படுத்த படுக்கை பேஷண்டுக்கு இரண்டு ஷிப்ட்தான் என்பேன். மாதம் 50 ஆயிரத்தைத் தாண்டும்.

வேளச்சேரி வாசி

அப்பா பென்ஷனே 31 ஆயிரம். 50 ஆயிரம் கொடுக்கிறவர்களுக்குத்தான் பாதுகாப்பு என்றால், நான் கேட்ட அரசாங்கக் கட்டுப்பாடு இன்னும் அதிகமாகத்தானே தேவை? பகலுக்கு அட்டெண்டர், ராத்திரி நானும் தம்பியும் மாறி மாறித் திருப்புகிறோம், அதற்கு ரேட் சொல்லுங்கள். ஆனால் பதிவு வேண்டும் என்பதை நான் விடப்போவதில்லை. நீங்கள் நல்ல மனதோடு எழுதித் தருவீர்கள், அடுத்த ஏஜென்சிக்காரர் தர மாட்டார்.

மாம்பலம் ரிட்டயர்டு

பதிவு வந்தால் அவரும் எழுதித் தருவார். எழுதித் தருவது மட்டும் நடக்கும்.

திருவண்ணாமலைப் பெண்

அண்ணாச்சி, நீங்கள் எழுதப்போகிற காகிதத்தில் வார விடுமுறைக்கு ஒரு வரி இருக்கிறதா? ஒரிஜினல் ஆதாரை வாங்கி வைக்க மாட்டோம் என்று?

ஏஜென்சி அண்ணாச்சி

ஆதார் நான் ஜெராக்ஸ்தான் வாங்குகிறேன், அதை எழுதிவிடலாம் அம்மா. வார விடுமுறைக்கு இப்போது வரி இல்லை. அந்த ஒரு நாளைக்கு மாற்று ஆள் அனுப்பினால் அவர் சம்பளம் யார் கணக்கில் என்று வேளச்சேரி சாரிடம் கேட்டுச் சொல்லுங்கள், உடனே சேர்க்கிறேன்.